பகல் லோடு

மின்சாரம் எவ்வளவு தேவை என்பதை அதைக் கேட்கிறவனால் அறிய முடியாது; அதற்கென்று சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும். இந்த உண்மையைக் கம்பம் பள்ளத்தாக்கில் நிலைநாட்டியவர் ஞானசிகாமணி. கரண்டு வந்த புதிது. பஜாரில் ஓர் எண்ணெய் இஞ்சினை வைத்து, விளக்கேற்றும் நேரம் முதல் கடை அடைக்கும் வரை வெளிச்சம் விற்ற கம்பெனிக்கு அவர் மானேஜர்.

சுருளிப்பட்டிப் பாதையில் வாழை போட்டிருந்த ராக்கையா, மனைவி அன்னத்தாயுடன் அவரைப் பார்க்க வந்தார். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது.

"தண்ணி அடியில கெடக்குங்கய்யா. கமலை இழுத்து மாடு ரெண்டும் நொரை தள்ளுது. மோட்டாரு வாங்கிட்டேன். கரண்டு குடுத்தா வாழை பிழைச்சுக்கிரும்."

"சாயங்காலம் மோட்டார் போட்டா பஜார் லைட்டெல்லாம் மங்கிப் போகும். இஞ்சின் லோடு தாங்காது."

"பகல்ல குடுங்க. அப்ப சும்மாதான கெடக்கு?"

"பகல்ல 'டிமாண்டு' இருக்கான்னு அளக்கணும்."

அளந்தார். மறுநாள் உச்சிவெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு, நிறுத்திக் கிடந்த இஞ்சினுக்குப் பக்கத்தில், மீட்டருக்கு முன் நாற்காலி போட்டு அமர்ந்தார். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. விஞ்ஞானத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது.

"பகல்ல ஊர்ல யாருக்குமே கரண்டு தேவைப்படல, ராக்கையா."

"இஞ்சின நிறுத்திப்புட்டு அளந்தா எப்பிடிங்கய்யா அசையும்?"

"தேவை இருந்தாத்தானே ஓட்டுறது?"

அன்னத்தாய் முந்தானையை உதறிச் செருகினாள். "அடுப்பப் பத்த வைக்காம, சோறு வேகல, அதனால வீட்ல யாருக்கும் பசியில்லன்னு சொல்லுவீகளோ?"

மானேஜர் கோபப்படவில்லை. படிக்காதவர்கள் உவமையில் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

சித்திரையில் மேகமலை எஸ்டேட் முதலாளி ஒருவர் கீழே இறங்கி, பஜார் பங்களாவில் தங்கினார். கம்பெனியில் பங்குதாரர், மலைக்குளிரில் வளர்ந்த உடம்பு.

"மானேஜர், ஃபேன் சுத்தலையே?"

"இதோ சுத்திரும் சார்."

அன்று முதல் ஒற்றை மின்விசிறிக்காக இஞ்சின் பகலெல்லாம் புகை கக்கியது. முள் அசைந்தது. "பகல் லோடு உதயமாகிவிட்டது" என்று டைரக்டர்கள் கூட்டத்தில் ஞானசிகாமணி அறிவித்தார். கை தட்டினார்கள்.

ராக்கையா ஓடி வந்தார். "இஞ்சினு ஓடுதாமே! இப்பக் குடுக்கலாம்லய்யா?"

"குடுக்கலாம். உங்க தேவைய நேர்ல வந்து பார்த்துட்டுக் குடுக்கலாம்."

சொன்ன சொல் தவறாதவர். முதலாளி மலையேறிய பிறகு, ஆனி மாதம், நேரில் வந்தார். தோட்டம் முழுக்க வாழை காய்ந்து மடிந்து கிடந்தது. சாக்குப் பிரிக்காத மோட்டார் மேல் ராக்கையா உட்கார்ந்திருந்தார்.

ஞானசிகாமணி வரப்பெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வந்து, அவர் தோளில் கை வைத்தார்.

"பயிரே இல்லையேப்பா. பயிர் இல்லாத இடத்துக்குத் தண்ணி எதுக்கு? தண்ணி வேண்டாத இடத்துக்குக் கரண்டு எதுக்கு?"

தேவையை அளக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. அது சாகும்வரை பொறுத்திருந்து அளக்கும் நிபுணர் நமக்கு அமைந்தார்.