இரண்டாவது கதையில் வராத அண்ணன்

கொடைக்கானலில் கைடாக வயிறு வளர்த்தவன் எவனும் ‘தெரியாது’ என்று சொல்லமாட்டான். சொன்னால் அன்றைய சாப்பாடு போயிற்று. தூண் பாறையைப் பார்க்க வண்டி பிடித்து வருகிற குடும்பத்துக்கு முன்னால் பனி அடைத்துக்கொண்டு நிற்கும். நீட்டிய கையே தெரியாது. அப்போதும் நாங்கள் கையை நீட்டி, “நேரா தெரியுதுல்ல சார், அதான் பாறை. அதுக்கு அங்கிட்டு வைகை டேம்” என்போம். அவர்களும் “ஆமா, ஆமா” என்று பனியைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை நான் வைகை அணையைக் காட்டிக்கொண்டிருந்தபோது பனி சட்டென்று விலகிவிட்டது. என் விரலுக்கு நேரே கட்டணக் கழிப்பறை. (அந்தச் சென்னைக்காரர் நல்ல மனுசன். “டேம் சின்னதா இருக்கே” என்று மட்டும் சொன்னார்.)

இந்த வாயை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கதை சொல்லப் போனேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். எனக்கு ஊர் பேத்துப்பாறை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஒட்டன்சத்திரத்தில் மூட்டை தூக்கினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், கேரளத்தில் ஏலக்காய் பறித்தேன். மேஸ்திரி குரலை உயர்த்தினால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், பசியோடும் படுத்திருக்கிறேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பக்கத்தில் படுத்திருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சுற்றிச் சுற்றி மலைக்கே திரும்பி வந்து கைடானேன். வெள்ளைக்காரனிடம் கூசாமல் பேசுவேன். ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அது போர்டா பூச்சி ஊர்ந்த தடமா என்று எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் டூரிஸ்ட் வராது. அப்போது ஜான்சன் அண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டரில் கூட்டிப் பெருக்கும் சோலி கிடைத்தது. வண்டி ஓடாத டிரைவர்கள் எல்லாம் அங்கேதான் கிடப்பார்கள். அவர்களுக்கு ஒரு கப்பல் விளையாட்டின் மேல் பைத்தியம். பீரங்கி வெடிக்கும், கொள்ளைக்காரன் கடலில் விழுவான். மவுசைப் பிடிப்பது எப்போதும் வேன் டிரைவர் குமார். மற்றவர்கள் பின்னால் நின்று திட்டுவார்கள்.

அந்த விளையாட்டைச் செய்த கம்பெனி, ஆட்டத்தை முடித்தவர்களுக்காகப் பிறகு புதுக்கதை ஒன்றைச் சேர்த்து அனுப்பியது. அப்டேட் என்றார்கள். எங்கள் லைனில் அதை இறக்க ஆரம்பித்தால் அடுத்த சீசனே வந்துவிடும். அதனால் ஜான்சன் அண்ணன் மதுரைக்குப் போய்ப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார். போட்டுப் பார்த்தால் அதில் பீரங்கியே இல்லை. ராத்திரி, கடல், ஒரு படகுக்காரன். அக்கரையிலிருந்து ஆட்களை ஒவ்வொருவராக ஏற்றி இக்கரையில் கொண்டுவந்து விடுகிறான். அவரவர் கையில் ஒரு மூட்டை. யாரும் அதிகம் பேசுவதில்லை. எப்போதாவது திரைக்கு அடியில் ஒரு வரி எழுத்து வந்து போகும். கடைசியில் அக்கரையில் ஒரே ஒரு ஆள், கையில் லாந்தரோடு நிற்கிறான். அதோடு கதை முடிகிறது.

“என்னடா இது, துப்பாக்கியே இல்ல,” என்றான் குமார். “ஏலே சேகரு, நீதான் இங்கிலீஷ் கைடாச்சே. என்ன எழுதியிருக்கான்?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் பனி. கையை நீட்டினேன்.

“பொழைக்கப் போன சனங்க ஊருக்குத் திரும்புது. படகு சின்னது. அதான் ஒவ்வொருத்தரா வாராங்க.”

வாசல் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் ராமையா, மழைக்கு ஒதுங்கியவர், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ராமையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். வாலிப வயதில் பெற்றோரோடு கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, இந்த மலையில் கேரட் காட்டு வேலைக்கு வந்து சேர்ந்தவர். அவர் மகள் தவமணி மாடியில் ஹோம்மேடு சாக்லேட் கடையில் வேலை பார்த்தாள். (நான் அடிக்கடி மாடிப்படியைப் பெருக்கியதற்கு அதுதான் காரணம். அந்தப் படிபோல் சுத்தமான படி மலையிலேயே கிடையாது.)

“தம்பி,” என்றார் ராமையா, “அந்த லாம்பு வச்சிருக்கவரு ஏன் அங்கனயே நிக்கிறாரு?”

“அவரு படகுக்காரரோட அண்ணன்ங்கய்யா. எடம் பத்தல. தம்பி பிள்ளைகள மொதல்ல அனுப்பிட்டாரு.”

“பொறவு கூட்டிட்டு வருவாங்களா?”

“அடுத்த கதையில கண்டிப்பா வருவாரு.”

அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு மழை பெய்யும்போதெல்லாம் அவர் உள்ளே வருவார். “தம்பி, அந்தக் கரையக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க” என்பார். குமாரும் முணுமுணுத்துக்கொண்டே காட்டுவான். லாந்தர் வெளிச்சம் தண்ணீரில் ஆடும். அதைப் பார்த்தபடியே ஒருநாள் சொன்னார். “எங்க அண்ணனுக்கு மட்டும் அங்கனயே இருக்கவங்க லிஸ்ட்டுல பேரு விழுந்துருச்சு. நாங்க ரயிலேறயில டேசன்ல நின்னாரு. லாம்பு இல்ல, கொடை வச்சிருந்தாரு. கொஞ்ச நாள் காகிதம் போட்டாரு. பொறவு வரல்ல.” அவ்வளவுதான். எழுந்துபோய்த் தேத்தண்ணி வாங்கி வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது இது: “தம்பி மாதிரி படிச்ச புள்ளைக்குத்தான் எம்மவளக் குடுக்கணும்னு நெனப்பு. அவளும் மிஷன் ஸ்கூல்ல இங்கிலீஷு படிச்சவ. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா எனக்கு ஒண்ணும் வெளங்காது.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முதல் வாக்கியத்தில் எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் தரையில் விழுந்தேன்.

மழை ஓய்வதற்குள் இரண்டாவது அப்டேட் வந்துவிட்டது. ஜான்சன் அண்ணன் மதுரையிலிருந்து பஸ் ஏறும்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டதால் டிரைவர்கள் வெள்ளனே வந்து இடம் பிடித்தார்கள். ராமையா துவைத்த சட்டை போட்டு வந்தார். கையில் பை நிறையத் தேங்காய் பன். “அண்ணன் வாராருல்ல,” என்றார், ஏதோ பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அழைக்கப் போகிறவர்போல. அவருக்குப் பின்னால் தவமணி. கடையில் சொல்லிவிட்டு வந்தாளாம்.

இந்த இரண்டாவது கதை முதல் கதைக்கு நேர் எதிர். முதல் கதையைச் செய்தவன் வாயை மூடிக்கொண்டு லாந்தரை ஆடவிட்டான். இரண்டாவதைச் செய்தவன் தண்ணீரைக்கூடப் பேசவிடுவான்போல. படகுக்காரன் கரையில் நின்று பேசுகிறான், பேசுகிறான், நிறுத்துவதில்லை. குரலும் ஆங்கிலம், அடியில் ஓடும் எழுத்தும் ஆங்கிலம். அவன் பேசி முடிப்பதற்குள் குமார் மவுசை விட்டுவிட்டு ஒரு பன்னைத் தின்று முடித்தான்.

“என்ன சொல்றான் சேகரு?”

“அண்ணே, படகு வந்திருச்சு, வெரசா ஏறுங்கன்னு கூப்புடுறாரு.”

ராமையா முன்னால் சாய்ந்தார். திரையில் படகுக்காரன் கோடரியை எடுத்துப் படகைப் பிளந்தான்.

“ஏலே, ஏறச் சொல்லிட்டு படக ஏன்டா ஒடைக்கிறான்?”

“அது… பழைய படகு. அண்ணனுக்குப் புதுசு செய்யப் போறாரு.”

படகுக்காரன் தன் கையிலிருந்த விளக்கைத் தண்ணீரில் எறிந்தான்.

“விடிஞ்சிருச்சாம். வெளக்கு வேண்டாமாம்.”

“நிலா தெரியுதுலே!”

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். நான் நிறுத்தவில்லை. அக்கரையில் லாந்தரோடு நின்ற ஆள் காலிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் புகையாகிக் கரையத் தொடங்கினான்.

“பனி,” என்றேன். “பனி எறங்கிருச்சு. நம்ம ஊரு மாதிரி. விலகினதும் தெரிவாரு.”

கடையே வெடித்துச் சிரித்தது. ஜான்சன் அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “கைடு வேலைய இங்கயும் காட்டுறான் பாரு! அதுக்கு அங்கிட்டு வைகை டேம் இருக்காடா?” என்று குமார் என் முதுகில் அறைந்தான். அந்த அறையில் நான் இரண்டடி முன்னால் போனேன். இன்னும் இரண்டடி போயிருந்தால் திரைக்குள்ளேயே புகுந்திருப்பேன். புகுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ராமையா சிரிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார். “நீ வாசிம்மா.”

தவமணி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்கு விளங்கியது. மெதுவாகச் சொன்னாள்: “அக்கரையில யாரும் இல்ல, எப்பவும் இருந்ததில்ல, அந்த வெளிச்சம் என் மனசு பண்ணினதுன்னு சொல்றான்ப்பா.”

சிரிப்பு அடங்கிவிட்டது. ராமையா திரையில் அக்கரை இருந்த இடத்தைக் கை காட்டினார்.

“அதெப்படி?” என்றார். “நின்னாரே. நம்ம எல்லாருந்தானே பாத்தோம்.”

பன் பையை மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மழைச் சாரல் முழங்காலில் அடித்தது. காலை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் நடந்தேன். பின்வாசல் வழியாகப் பஸ் ஸ்டாண்டு. வத்தலக்குண்டு பஸ் நின்றிருந்தது, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் மட்டும் டீயைக் கொஞ்சம் ஆற்றாமல் குடித்திருந்தால் எனக்கு இந்தக் குடும்பமே இருந்திருக்காது. படியில் கால் வைத்தபோது பின்னால் குரல் கேட்டது.

“இந்தாங்க.”

தவமணி, குடையோடு. கையில் ஒரு தேங்காய் பன்.

“அப்பா குடுக்கச் சொன்னாரு. நீங்க சாப்புடலையாம்.”

“ரொம்பக் கோவமா இருக்காரா?”

“ஆமா.”

“எம்மேல…”

“ஒங்க மேல இல்ல. கம்பெனிக்காரன் மேல. மொதக் கதை எழுதினவர வேலைய விட்டுத் தூக்கிட்டு, கூறுகெட்டவன் எவனையோ வச்சு ரெண்டாவத எழுதிட்டாங்களாம். அந்தத் தம்பி மொதக் கதைய சரியாத்தான் சொல்லுச்சுங்கிறாரு.”

“நான் சொன்னது எதுவுமே அதுல இல்லைங்க. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.” ‘தெரியாது’ என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆளிடம் சொன்னேன்.

“தெரியுமே. நீங்க பெருக்குற மாடிப்படியில ‘ஈரமா இருக்கு, நடக்காதீங்க’ன்னு இங்கிலீஷ்ல போர்டு வச்சோம். அதையும் எடுத்து ஓரமா வச்சிட்டுப் பெருக்கினீங்க.” அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எங்கப்பா பெரியப்பாவப் பத்தி வீட்டுல பேசவே மாட்டாரு. இந்த மழைக்குத்தான் பேசினாரு. கொடை பச்சைக் கலராம். இப்பத்தான் எனக்கே தெரியும்.”

டிரைவர் வந்து ஏறினார்.

“போறதுன்னா பன்னக் குடுத்துட்டுப் போங்க,” என்றாள்.

நான் பன்னைக் கொடுக்கவில்லை.

மறுநாள் ராமையாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப அந்த அண்ணன் கதை ஒங்க கையில இருந்துதான் வந்துச்சா?” என்றார். ஆமென்றேன். “அதான் நல்லா இருந்துச்சு” என்று சொல்லி நாற்காலியில் நகர்ந்து இடம் விட்டார். அடுத்த சித்திரையில் கல்யாணம். கல்யாணப் பந்தலில் குமார் மைக்கைப் பிடித்து, “மாப்பிள்ளை இப்ப பொண்ண இங்கிலீஷ்ல வர்ணிப்பாரு” என்று அறிவித்ததை எங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை. நானும்தான்.

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. நான் எதைச் சொன்னாலும், பஸ் லேட்டு என்றாலும், மாத்திரை போட்டுவிட்டேன் என்றாலும், தவமணி கேட்பாள்: “இது மொதக் கதையா, ரெண்டாவது கதையா?” இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் அவர்களே முந்திக்கொண்டு, “அப்பா, ரெண்டாவது கதைதான் சொல்லப்போறோம், மனசத் தேத்திக்கங்க” என்கிறார்கள்.

போன வருடம் ராமையா மாமாவுக்கு நெஞ்சுவலி. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். தவமணி வாசிக்கக் கை நீட்டினாள். மாமா தடுத்தார்.

“மாப்பிள்ள வாசிக்கட்டும். நீ வாசிச்சா ரெண்டாவது கதையால்ல இருக்கும்.”

தாளை வாங்கிப் பிடித்தேன். இத்தனை வருடத்தில் அவள் சொல்லிக்கொடுத்து ஏதோ எழுத்துக்கூட்டுவேன். ஆனால் அந்தத் தாள் முழுவதும் பனி. தொண்டையைச் செருமிக்கொண்டேன். “பெருசா ஒண்ணுமில்லையாம் மாமா. ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாமாம். உப்பக் கொறைக்கணுமாம்.”

தவமணி தாளை என் கையிலிருந்து பிடுங்கினாள். மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

“ரெண்டும் ஒரே கதைதான்ப்பா,” என்றாள்.

நிஜமாகவே ஒரே கதைதான். இப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு குழம்பில் உப்பில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.