அலைக்கேற்ற வெளிச்சம்

கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் அலை இயந்திரம் நின்றுவிட்டது என்று அந்தத் தீவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதை வடிவமைத்த மகள் காய்ச்சலில் போய் நான்கு மாதமாகிறது. மறுவாரமே அதுவும் நின்றது. மகளின் இயந்திரமும் நின்றது தெரிந்தால் தாய் தாங்கமாட்டாள் என்று தந்தை பயந்தார். தந்தைதான் மின்நிலைய ஆபரேட்டர். ஊர் வாயைக் கட்டிக்கொண்டது.

அலைக்குத் துணையாக டீசல் எஞ்சின் எப்போதும் ஓடியதால், சத்தம் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கும். அலை மின்சாரத்தில் விளக்குகள் மங்கிப் பிரகாசிக்கும். டீசலில் அசையாமல் எரியும். ஆகவே மனைவி சமைக்கும் மாலை வேளையில், மின்நிலைய ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி, ஒவ்வோர் அலைக்கும் எஞ்சினின் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்தார்.

பணி முடிந்து வந்தவரிடம் மனைவி சொன்னாள்: "இன்னைக்கு அலை கம்மி போல. சமையல்கட்டு வெளக்கு சோர்ந்து எரிஞ்சுது."

மறுநாள் எஞ்சினின் ஆட்டத்தைக் கூட்டினார். முடிதிருத்துபவரின் மெஷின் துள்ளித் தலைமையாசிரியரின் மீசையில் பாதியைக் கொண்டுபோயிற்று. மீதியையும் மழித்துக்கொண்டு வந்த அம்மனிதர், ஆபரேட்டரைக் கண்டதும், "கடல் கொஞ்சம் கொந்தளிப்போ?" என்று மட்டும் விசாரித்தார்.

"இன்னைக்குப் பரவால்ல, நல்லா ஆடுச்சு" என்றாள் மனைவி. அந்த உற்சாகத்தில் அவர் மேலும் கூட்ட, ஐஸ் பேக்டரியின் மோட்டார் கருகியது. மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்று முதலாளியே அவருக்கு ஆறுதல் சொன்னார்.

மூடுபனி கடலை மறைத்த அன்று, படகுத்துறைக் குமாஸ்தாவைத் தொலைபேசியில் பிடித்து அலைகளை ஒப்பிக்கச் சொன்னார்.

"பெருசு சார். சின்னது. அடுத்தது… ரெண்டு சேர்ந்தாப்ல வருது சார்."

இரண்டுக்கும் சேர்த்து முடுக்கியதில் எஞ்சின் இருமி, இறுகி, நின்றது. தீவு இருண்டது.

இனி மறைக்க வழியில்லை. சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒப்பித்தபடி, சுவர்களைத் தடவித் தடவி வீடு சேர்ந்தார். சமையலறை ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இம்மியும் அசையாமல்.

மனைவி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அலை மெஷின் நின்னுபோச்சுங்க. அது நின்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்; நீங்க ஒடிஞ்சிடுவீங்கன்னுதான், உங்க முன்னாடி பேசாதீங்கன்னு ஊர்ல கேட்டுக்கிட்டதே நான்தான். ஆடுற வெளிச்சத்துல எனக்குக் கண்ணு வலிக்குதுன்னு நம்ம பொண்ணு இந்த வெளக்குக்குத் தனியா ஒரு பேட்டரி வச்சுட்டுப் போனா; இது ஒரு நாளும் ஆடினதே இல்ல."