பூண்டுக்கு நான் செய்த நற்காரியம்

வாழ்க்கையைச் செம்மையாக வாழ்வது எப்படி என்பது பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்த அளவு இப்போது தெரியாது. அப்போது எல்லாம் எழுத்தில் இருந்தது. நாற்பது பக்க நோட்டில் 'என் வாழ்க்கை விதிகள்' என்று தலைப்பிட்டு, அடியில் இரண்டு கோடு போட்டு, தாளுக்கு ஒன்றாகப் பதினாலு விதிகள் எழுதி வைத்திருந்தேன். (பதினைந்தாவது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்னும் என்னென்ன சேதமோ!)

சூரியனுக்கு முன் எழு. பச்சைத் தண்ணீரில் குளி. ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல். கண்ட அழுக்கை அன்றே கழுவு. இப்படிப் போகும். இவற்றில் எனக்கு மிகப் பெருமை ஒன்பதாவது விதியில்தான்: 'தினம் ஒரு நற்காரியம் செய். யாரும் சொல்லாமல் செய், செய்ததை யாருக்கும் சொல்லாதே.'

பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. ஒரு குத்துவிளக்கில் விரல் ரேகை தெரிந்தால் வீடு இரண்டுபடும். அங்கே வளர்ந்து, எட்டாம் வகுப்பும் பாஸ் செய்தவள் வேறு எப்படி இருப்பாள்? ஐம்பதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், மலைமேல் மன்னவனூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கி, சீர்ப் பாத்திரங்களைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு நடந்தோம். நோட்டை மட்டும் குதிரையை நம்பி விடாமல் நானே கையில் எடுத்துப் போனேன்.

மேலே போனதும் விதிகளுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. சூரியனுக்கு முன் எழலாம் என்றால், மூடுபனியில் அது வந்துவிட்டதா என்பதே பத்து மணிக்குத்தான் தெரியும். பச்சைத் தண்ணீர்க் குளியல் ஒரே நாளோடு நின்றது. பல் கிட்டிப்போன என்னை அடுப்படியில் உட்காரவைத்துச் சுக்குத்தண்ணி புகட்டியவள் வெள்ளைத்தாய் அக்கா. என் கணவரின் அண்ணன் மனைவி, ஏழெட்டு வயது மூத்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். மாமியார் இல்லாத அந்த வீட்டையும், கூப்பிட்டால் அடுத்த மலையூர் கிளாவரை வரைக்கும் கேட்கிற தொண்டை படைத்த மாமனாரையும், சத்தமே இல்லாமல் நடத்திக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு நேரம் மெல்லுறியே தங்கச்சி, வாயில ஏதும் புண்ணா?" என்று ஒருநாள் அக்கறையாகக் கேட்டாள். விதியைச் சொல்ல வெட்கப்பட்டு, "ஆமாக்கா" என்றேன். (அடுத்த மூன்று நாள் எனக்கு உப்பு புளி இல்லாத கஞ்சி.)

பத்தாம் நாள் எல்லாரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். புதுப்பெண் என்று என்னை வீட்டில் விட்டிருந்தார்கள். அன்றைய நற்காரியம் இன்னும் பாக்கி. அண்ணாந்து பார்த்தேன். அடுப்புக்கு மேலே மூங்கில் கழிகளில் கட்டுக் கட்டாகப் பூண்டு. மாதக்கணக்கில் புகையேறிக் கருகருவென்று தொங்கியது. பாவம், வேலை மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று என் மனம் இளகிவிட்டது.

அவ்வளவையும் இறக்கினேன். கூடை கூடையாகக் கொல்லைப்புற ஓடைக்குச் சுமந்தேன். சீரோடு வந்த தேங்காய் நாரால், பித்தளை தேய்க்கிற கையாலேயே ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினேன். (புளி போடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.) முத்து முத்தாக வெளுத்த பூண்டை முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போட்டுவிட்டு வெயிலுக்காகக் காத்திருந்தேன். வெயிலுக்குப் பதில் மூடுபனி வந்து பூண்டின்மேல் படுத்துக்கொண்டது.

மத்தியானம் கஞ்சி எடுத்துப்போக வந்த அக்கா, முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏத்தா, இது வெதப்பூண்டுத்தா."

விதைக்கு எடுத்துவைத்த பூண்டைப் பூச்சியும் அழுகலும் அண்டாமல் காப்பதே அந்தப் புகைதானாம். நடவுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. நனைந்த பூண்டு அதுவரை தாங்காது. அந்த வீட்டின் ஒரு வருஷத்துச் சோற்றை நான் நார் போட்டுத் தேய்த்திருந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னயப் பழனிக்கே அனுப்பிருவாங்களாக்கா?"

"அழுதா அது இன்னுங் கொஞ்சம் நனையும். கூடைய எடு" என்றாள்.

தோட்டத்தில் மாமனார் மண்வெட்டியோடு நின்றார். அக்கா கூடையை இறக்கினாள். "மாமா, வெத நனைஞ்சுபோச்சு. இன்னைக்கே ஊண்ட ஆரம்பிச்சிரணும்."

"யாரு நனைச்சது?" என்று மாமனார் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக் குதிரை கனைத்தது. நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"யாருன்னு பேசுறதுக்கு ராத்திரி கெடக்கு மாமா. ஊண்டுறதுக்கு இந்த வெளிச்சம் மட்டுந்தான் கெடக்கு. வெரசா ஆளக் கூப்பிடுங்க."

மாமனார் மண்வெட்டியைக் கீழே போட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆள் கூப்பிடப் போனார். கோபத்தில் நிற்கிற ஒரு மனிதரை இவ்வளவு குறைந்த வார்த்தையில் வேலைக்கு அனுப்பியதை நான் அதன்பிறகு எங்கும் கண்டதில்லை.

இரண்டு நாள் நடவு. ஆண்கள் பாத்தி வெட்டிக்கொண்டே முன்னால் போக, நாங்கள் பூண்டைப் பல் பல்லாக உடைத்து ஊன்றிக்கொண்டே பின்னால் போனோம். குளிரில் விரல் மரத்தது. குளிர்காயலாம் என்றால் ஈர விறகு பற்றவில்லை. ஓடிப்போய் என் நோட்டை எடுத்துவந்து கிழித்தேன். தீயில் போடுமுன் அக்கா கேட்டாள், "அப்படி என்னதான் எழுதியிருக்க?" ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"முப்பத்திரெண்டு தடவயா! அதுக்குள்ள அடுத்த வேளக் கஞ்சி வந்துருமே!" என்று குனிந்து குனிந்து சிரித்தாள். ஒன்பதாவதைப் படித்தபோது மட்டும் சிரிக்கவில்லை. "இது நல்லாருக்கு. இத எரிக்காத" என்றாள். அந்தத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

யார் என்று பேச வேண்டிய இரண்டு ராத்திரிகளும் வந்தன. பேசத் தெம்பில்லாமல் எல்லாரும் தூங்கிப்போனார்கள். மூன்றாம் நாள் காலை என்னால் தாங்க முடியவில்லை. நான் வைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்த மாமனார் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, நான்தான் கழுவுனேன்."

"தெரியும். இந்த வீட்டுல பூண்டக் கழுவுற அளவுக்குப் படிச்சது நீ ஒருத்திதான" என்றார். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏத்தா, கஞ்சியில உப்பக் காணோமே. அதையும் கழுவிட்டியா?"

வீடே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். (அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.) ஊன்றியதில் கால்வாசி மண்ணிலேயே அழுகியது. மீதி முளைத்து வந்து எங்களுக்குச் சோறு போட்டது.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. அன்று அந்தக் காரியத்தைச் செய்தது யார் என்று, நானாக ஒப்புக்கொள்ளும்வரை, அக்கா தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லையாம். 'நனைஞ்சுபோச்சு' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நான் கொட்டை எழுத்தில் எழுதிவைத்த ஒன்பதாம் விதியை, அதைப் படிக்கத் தெரியாதவள் அதே நாளில் செய்து முடித்திருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையே வந்தது. அந்தத் தாளில் விதிக்கு எதிரே அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதானே விதி.

இதை எழுதுவதற்காக அந்தத் தாளை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததில் சமையலில் கவனம் தப்பிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சி, உப்பக் கழுவிட்டீங்களா?"