முந்தியை விரித்த நாவல்

நாலு எழுத்துப் படித்துவிட்டால் நாற்பது விஷயமும் தெரிந்துவிட்டதாக நினைக்கும் வயது ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்து நான்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாவல் எழுதிய முதல் ஆளும் நானே. (தெருவுக்கே முதல் ஆள் என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மறுக்கவில்லை.)

மர்ம நாவல். கல்யாணத்துக்கு முதல் நாள் கூறைப்புடவை காணாமல் போகிறது. எடுத்தது யார்? இருநூறு பக்கம் இழுத்தடித்துக் கடைசிப் பக்கத்தில்தான் சொல்லியிருந்தேன்.

"பின்னட்டைக்கு நாங்களே நாலு வரி எழுதிக்கிறோம்மா" என்றார் பதிப்பாளர்.

"என் புத்தகத்துக்கு நான்தான் சார் எழுதுவேன். ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது."

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கொஞ்சமாகச் சொன்னால் யார் வாங்குவார்கள்? எல்லாம் சொல்லிவிட்டால் எதற்கு வாங்குவார்கள்? தறியில் இருந்த அப்பாவைக் கேட்டேன்.

"இன்னாமா கேள்வி இது? கடையில புடவைய எப்டிக் காட்டுறாங்க? முந்திய விரிச்சுப் போடுறாங்கல்ல? அது புடிச்சா, மீதிய அவங்களே பிரிச்சிக்கினு பாப்பாங்க" என்றார்.

முந்தி, புடவை முடிகிற இடம். வேலைப்பாடெல்லாம் அங்கேதான். என் நாவலிலும் வேலைப்பாடெல்லாம் முடிவில்தான். விரித்துப் போட்டேன்:

"புடவையை ஒளித்துவைத்தவள் மணப்பெண்ணேதான் என்று கடைசிப் பக்கத்தில் தெரியவரும்போது நீங்கள் அதிர்ந்துபோவீர்கள்!"

(ஆச்சரியக்குறி மட்டும் என் சொந்தச் சரக்கு.)

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் வெளியீடு. எங்கள் தெருவில் கதைப் புத்தகம் படிப்பவர் எதிர்வீட்டுச் சரசா அக்கா ஒருவர்தான். அவர் வாங்கினால் தெருவே வாங்கும். அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். திருப்பினார். பின்னட்டையைப் படித்தார்.

"ஏன்டி, பொண்ணேவா எடுத்துச்சு?"

மைக்கே தேவைப்படாத குரல் அது. பின்வரிசைப் பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

"யாரு, கல்யாணப் பொண்ணா? எதுக்குமா எடுத்தா?"

"வேற இன்னாத்துக்கு? எவனாவது இருப்பான்!"

(இருந்தான். நூற்றெண்பதாம் பக்கத்தில். அந்த ரகசியமும் போனது.)

"நல்லா இருந்துதுமா கதை" என்று புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, சரசா அக்கா சாம்பார் சாத வரிசைக்குப் போனார். தெருவும் பின்னாலேயே போனது. அப்பா மட்டும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த நாலு வரி இருக்குது பாரு, அது நான் சொல்லிக்குடுத்தது."

அன்றிலிருந்து நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அம்மா கையைக் காட்டுவாள்: "இரு இரு, முந்திய மடிச்சு வெச்சிட்டு ஆரம்பத்துலேர்ந்து சொல்லு."

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். கூறைப்புடவைத் தட்டு ஐந்து நிமிடம் கண்ணில் படவில்லை. ஒருவர்கூடத் தேடவில்லை. மண்டபமே என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

"குடுத்துடுடி, முகூர்த்தம் போவுது" என்றார் சரசா அக்கா.