வாயைத் திறக்காத ஜோதிமணி

இந்த முறை அரசாங்கக் கணக்கெடுப்புக்குத் தானே பதில் சொல்லிவிடுவது என்று நஞ்சுண்டசாமி முடிவெடுத்துவிட்டார். மைசூருக்குக் குடிவந்து இருபத்தாறு வருஷம். வீட்டுக்கு எந்த ஆபீசர் வந்தாலும் இவரைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். கேள்வியை மட்டும் மனைவி ஜோதிமணியிடம் கேட்பார். குடும்பத் தலைவர் என்று ஒருத்தர் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்குமா தெரியாது?

"இங்க பாரு. டீச்சரம்மா வாசப்படி தாண்டற வரைக்கும் நீ வாயைத் திறக்கப்படாது. மாதேஸ்வரன் சாமி மேல சத்தியம் பண்ணு."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு ஜோதிமணி திரும்பினாள். "பண்ணிட்டேனுங்க. வாயைத்தானுங்களே?"

"வாயைத்தான்!"

கணக்கெடுக்க வினிதா டீச்சர் கையில் போனோடு வந்தார். தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துப் பெண், தமிழ் நன்றாகவே பேசினார்.

"வீட்டுல எத்தனை ரூம் சார்?"

"மூணுங்க."

சமையலறையில் கரண்டி பாத்திரத்தில் தட்டியது. டங், டங், டங், டங்.

நஞ்சுண்டசாமி விரல்விட்டு எண்ணினார். "நாலுங்க. பூஜை ரூமை விட்டுட்டேன்."

"பையன் எந்த வருஷம் பொறந்தாரு?"

"யுவனா? அது... நல்ல மழை பெஞ்ச வருஷமுங்க."

டங், டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டங். டீச்சர் அவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்து 2001 என்று டைப் பண்ணினார்.

"மனைவி எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?"

இது தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டாவதுங்க. கொள்ளேகால்ல."

எட்டு தட்டு விழுந்தது. அவர் மீசையைத் தடவினார். ஒன்பது. பத்து.

"கரண்டி தப்பா எண்ணுதுங்க டீச்சர்!"

ஜோதிமணி வந்தாள். வாய் திறக்கவில்லை. மாதேஸ்வரன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பத்தாவது மார்க் ஷீட். போன வருஷத்துத் தேதி. கணக்கில் எழுபத்தெட்டு.

"சனிக்கிழமை ஆனாக் கோயிலுக்குன்னு போனியே..."

அவள் சாமியைக் காட்டினாள், காகிதத்தைக் காட்டினாள். இரண்டுக்கும்தான் என்று தலையை ஆட்டிவிட்டு, தாளிப்பு கருகுகிறதென்று உள்ளே போய்விட்டாள்.

நஞ்சுண்டசாமிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று வேளை சமைத்து, விளக்கேற்றி, இவருக்குச் சட்டைப் பொத்தானும் தைத்துக் கொடுத்த கை, எந்த நேரத்தில் கணக்குப் போட்டது? மலையடிவாரத்தில் நின்று சாமுண்டி கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைப்போல அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கடைசியா குடும்பத் தலைவரோட போனுக்கு ஓடிபி வரும் சார்."

அப்பாடா! போனை உள்ளங்கையில் ஏந்திக் காத்திருந்தார், பிரசாதம் வாங்குவதைப்போல.

டிங் என்றது. சமையலறையில்.

"டீச்சர், தலைவர் நானுங்களே!"

"ரேஷன் கார்டுல தலைவி அவங்கதானே சார். அந்த நம்பருக்குத்தான் போகும்."

டங், டங், டங். டங். டங், டங், டங், டங். டங், டங். மூணு, ஒண்ணு, நாலு, ரெண்டு. டீச்சர் அழுத்தினார், பச்சை டிக் விழுந்தது. சத்தியமும் கெடவில்லை.

"முடிஞ்சுது. ஒரே ஒரு கட்டம் பாக்கி. தலைவிக்கு நீங்க என்ன வேணும் சார்?"

நஞ்சுண்டசாமி சமையலறைப் பக்கம் பார்த்தார். கரண்டி சத்தம் இல்லை.

"கேட்டுச் சொல்றேனுங்க" என்றார்.