மேனேஜர் வீட்டு ரூட்டர்

மேனேஜர் வீட்டு ரூட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

“இது நல்லதா, கெட்டதா?” என்று கேட்டாள் மனைவி.

“இது நடுநிலை,” என்றார் அவள் கணவர் டெக்னிக்கல்.

அவர் கணக்குப் பிரிவில் உதவி அதிகாரி. பெற்றோர் வைத்த பெயர் வேறு. போன மாதம் தன் வீட்டு ரூட்டரில் இருந்த ஃபர்ம்வேரை, அதாவது அந்தப் பெட்டியை உள்ளேயிருந்து ஆட்டிவைக்கும் மென்பொருளை, தூக்கிவிட்டு இணையத்தில் அகப்பட்ட வேறொன்றை ஏற்றினார். காலையில் ஏற்றிவிட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் திரும்பினால் நெட் பறந்தது. மறுநாளிலிருந்து ஆபீஸில் வேறு பேச்சில்லை.

“கம்பெனிக்காரன் வேகத்தைப் பூட்டி வைக்கிறான். நான் பூட்டைத் திறந்தேன், அவ்வளவுதான்,” என்று அடக்கத்தோடு சொல்வார். இந்த அடக்கத்தைக் கேட்காதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. வாட்ச்மேன் இரண்டு முறை கேட்டிருந்தார். ‘டெக்னிக்கல்’ அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

பெயர் மேனேஜர் காதுக்கும் போனது. அவர் வீட்டிலும் அதே மாடல் பெட்டிதான். சனிக்கிழமை அதைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“நாளைக்குச் சாயங்காலம் டைரக்டர்களோட வீடியோ மீட்டிங். என் மூஞ்சி நடுவுல உறைஞ்சு நிக்கக் கூடாது. உங்க பிரமோஷனையும் அதுலதான் பேசப்போறேன்.”

இதோ, ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையில் பிரமோஷன் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“நம்ம வீட்டுல ஏத்தின அதே ஃபைலைத்தானே ஏத்தினீங்க?”

“அதெப்படி? மேனேஜர் வீட்டுக்கும் நம்ம வெர்ஷனையே போட்டா மரியாதையா இருக்குமா? அவருக்கு ரெண்டு நம்பர் மேல போட்டிருக்கேன்.”

“அது இந்தப் பெட்டிக்கு ஒத்துக்குமா?”

“பழகிக்கும்.”

பெட்டி பழகுவதாகத் தெரியவில்லை. டெக்னிக்கல் கையை நீட்டினார். “உன் ஹேர்பின் ஒண்ணு குடு. பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கு பாரு, அதுல அழுத்திப் பிடிச்சா பொறந்தப்போ இருந்த நிலைக்குப் போயிடும்.”

அழுத்திப் பிடித்தார். சிவப்பு விளக்கும் அணைந்தது.

“பொறக்கறதுக்கு முந்தின நிலைக்கே போயிடுச்சு போலிருக்கே,” என்றாள் மனைவி.

போன் அடித்தது. மேனேஜர்.

“என்னப்பா, ஆச்சா?”

“ஆயிட்டே இருக்கு சார்.”

“நம்ம பெட்டி எப்படி? ஏதாவது அடம் பிடிக்குதா?”

“சேச்சே. ரொம்ப அமைதியா இருக்கு சார்.”

போனை வைத்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “மேலேயிருந்து சொன்னா கேக்காது. மூடியைத் திறந்து போர்டுகிட்ட நேராப் பேசணும்.”

“என்னங்க, கடையில குடுத்துடலாமே?”

“கடைக்காரனுக்கு என்ன தெரியும்? அவன் விக்கறவன். நான் திறக்கறவன்.”

திறக்கிறவர் கத்தியை இடுக்கில் விட்டு நெம்பினார். மூடி வந்தது. கூடவே அதன் கொக்கி ஒன்று உடைந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பறந்தது. உள்ளே சின்னச் சின்னதாக நான்கு ஊசிகள். மூன்றில் வயரை மாட்டி லேப்டாப்போடு இணைக்க வேண்டும், நான்காவதைத் தொடவே கூடாது என்று வீடியோவில் ஒருவன் தலையால் அடித்துக்கொண்டிருந்தான்.

“ஏன் தொடக் கூடாதுன்னு காரணம் சொல்றானா பாரு. இவனுங்களே இப்படித்தான், வித்தையைப் பாதி மறைச்சுடுவானுங்க,” என்று சொல்லி டெக்னிக்கல் நான்காவதைத் தொட்டார்.

காரணம் தெரிந்தது. பெட்டியிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. துணைக்கு லேப்டாப்பும் கண்ணை மூடிக்கொண்டது.

“நான் அடுப்புல ஒண்ணும் வைக்கலையே,” என்று மூக்கை உறிஞ்சினாள் மனைவி.

போன் மறுபடி அடித்தது.

“என்னப்பா, இப்போ பறக்குதா?”

புகை ஜன்னல் வழியாக வெளியே போவதைப் பார்த்தபடி, “கிளம்பிடுச்சு சார்,” என்றார் டெக்னிக்கல்.

போனை வைத்தபோது அவர் முகத்திலும் ஒரு விளக்கும் எரியவில்லை. “பிரமோஷன் போச்சு. திங்கக்கிழமை வாட்ச்மேன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். விழவில்லை. மனைவி பெட்டியையும் மூடியையும் துணிப்பையில் அள்ளிப் போட்டு, காலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“சட்டையை மாத்துங்க. எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு. இதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கி, அவர் வீட்டுல மாட்டிட்டு வந்துடுங்க.”

“உனக்குக் கடை எல்லாம் தெரியுமா?”

“ஏதோ, போற வர்ற வழி.”

தெருவில் நாலு எட்டு வைத்ததும் டெக்னிக்கலுக்கு உயிர் திரும்பியது. எட்டாவது எட்டில் அடக்கமும் திரும்பியது.

“தப்பு என் பேர்ல இல்லை, தெரியுதா? அவர் பெட்டி மட்டம். நம்ம வீட்டுப் பெட்டி போன மாசம் எப்படி வாங்கிக்குச்சு பாத்தியா? ஒரு முனகல் உண்டா? சரக்கு நல்லா இருந்தா என் கைபட்டதும் பறக்கும்.”

மனைவி எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே வந்தாள்.

கடையில் கூட்டமில்லை. டெக்னிக்கல் முன்னால் போய்த் தொண்டையைச் செருமினார். கவுன்ட்டரில் இருந்த பெண் அவரைக் கவனிக்கவில்லை. அவருக்குப் பின்னால் துணிப்பையோடு வந்தவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கேட்பதற்கு முன்பே அதே மாடலை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

“வாங்கக்கா! மறுபடியும் கொன்னுட்டாரா? போன மாசம் மாதிரியே பழைய ஸ்டிக்கரை உரிச்சு இதுல ஒட்டி, அதே பேரு, அதே பாஸ்வேர்டு போட்டுத் தந்துடறேன், உங்க வீட்டுக்காரர் இந்தத் தடவையும் தான்தான் பறக்க விட்டோம்னு நினைச்சுக்கட்டும்!”