ஈப்போவிலிருந்து வந்த முதற்கேள்வி

பதுளை,
பொங்கலுக்கு மறுநாள், 1957.

அன்புள்ள தம்பி ஜெயரட்ணத்துக்கு,

நான் நலம், அதில் உனக்குச் சிறிது ஏமாற்றம் இருக்கலாம். நீயும் உன் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டுமென்பதே என் விருப்பம்.

மோர்ஸ் குறிகளைக் கற்று, சொந்த வானொலி நிலையம் நடத்த நான் உரிமம் பெற்றபோது, ஆயுள் முழுவதும் தந்திக் கந்தோரில் வேலை பார்த்த நீ சிரித்தாய். "அக்கா, பொங்கலுக்கு முந்தி ஒரு மனிசனாவது உனக்கு மறுமொழி தந்தால் நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டில் பதுளை வீட்டைப் பூட்டிப்போட்டு என்னோடை வந்து இரு. விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்றாய். எனக்குக் கட்டும் அறையின் கூரைமரத்துக்காக, கீரிமலை வீட்டுப் பின்வளவிலுள்ள இரண்டு பனைகளையும் தறிக்க ஆள்கூடப் பேசிவிட்டாயாம். பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டது என் திமிர்.

மார்கழி முழுவதும் மாலைதோறும் உலகத்தை அழைத்தேன். ஒரு நாயும் திரும்பிக் குரைக்கவில்லை. வால்வுகளைச் சந்தேகித்தேன், பௌதிகத்தில் நான் பெற்ற பட்டத்தைச் சந்தேகித்தேன், கிழட்டுக் கை என்று நீ கேலி செய்த என் கையைக்கூட ஒரு கணம் சந்தேகித்தேன். கடைசியில் குடையோடு முற்றத்துக்குப் போய்ப் பார்த்தால், வீட்டு முகட்டிலிருந்து பலாமரம் வரை நான் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் என் சேலைகள் ஈரத்தோடு தொங்க, கம்பி தகரக் கூரைமேல் படுத்துக் கிடக்கிறது. எனக்குச் சமைக்கும் இராக்கம்மாவைக் கூப்பிட்டேன்.

"கொடி கட்டித் தாங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? கடசியில கட்டிட்டீங்கன்னு நெனச்சேங்க."

"கம்பி கையைக் கடிக்கவில்லையா?"

"சாயங்காலமானா சுருக்குன்னு இருக்குங்க. குளுருன்னு இருந்துட்டேன்."

ஆகவே, ஒரு மாதமாக நான் அழைத்தது உலகத்தையன்று, என் கூரையை.

பொங்கலுக்கு முதல்நாள் மாலை, கம்பியை உயர்த்திக் கட்டி, பெயரையும் ஊரையும் தட்டினேன். பதில் வந்தது! மலாயாவில், ஈப்போவில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே கிளாக்கர், கனகசுந்தரம். இந்தத் தொழிலில் முதலில் கூறவேண்டியது, மற்றவருடைய ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கான இலக்கம். அது கிடைக்காத தொடர்பு தொடர்பே அல்ல என்பது நீயே போட்ட நிபந்தனை. அந்த மனிதர் முதலில் என்ன தட்டினார் தெரியுமா? எழுத்து ஆங்கிலம், பேச்சு அச்சொட்டாக நம்முடையது: "சொந்த ஊர் எது? ஆருடைய மகள்?" கீரிமலை என்றேன். கடலுக்கு எவ்வளவு கிட்ட என்றார். ஐயாவின் பெயரைச் சொன்னேன். ஐயாவின் ஐயாவைக் கேட்டார். ஒலியோ மெலிந்துகொண்டே போகிறது. அந்நேரம் பக்கத்து வீட்டுத் தாஸிம் உள்ளே பாய்ந்தார்.

"டீச்சர்! என்ட ரேடியோவுல மரங்கொத்தி பூந்திருக்கு! ஒரு பாட்டுக் கேக்க ஏலாது!"

"ஈப்போவோடு பேசுகிறேன். மூச்சுவிடாதேயும்!"

"ஈப்போவா? என்ட மச்சான் அங்கதானே கடை வெச்சிருக்கார்! சுகமான்னு கேளுங்களேன்."

"அவுக மச்சானுக்குச் சொன்னா என் தம்பிக்கும் ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. அங்கிட்டுத்தான் ரப்பர் தோட்டத்துல இருக்கான்," என்றாள் இராக்கம்மா.

பிறர் செய்தியை அனுப்பினால் உரிமம் பறிபோகும் என்று நான் இவர்களுக்குச் சட்டம் ஓதுகையில், ஈப்போக்காரர் நம் பெரியப்பாவின் சம்பந்திவரை போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "இலக்கத்தைத் தாருமப்பா! உறவு பிறகு!" என்று மேசை அதிரத் தட்டினேன். தந்தார். மிகக் கீழான இலக்கம், ஆனாலும் இலக்கம். பிறகு ஏதோ சொல்லிக்கொண்டே கரைந்துபோனார்.

ஆதலால் நான் வென்றேன். பதுளையை விட்டு அசையமாட்டேன். அறையும் வேண்டாம், தூக்க ஆளும் வேண்டாம். பனைகளைத் தறிக்கவேண்டாம்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் சகல நன்மைகளும் உண்டாகட்டும். தந்திக் கந்தோர்க்காரருக்குப் பணிவும் உண்டாகட்டும்.

அன்புள்ள அக்கா,
யோகமலர்

பி.கு.: ஈப்போக்காரர் கரைந்துபோகுமுன் சொன்னது இது: "நாலு பக்கமும் மலை. கிணற்றுக்குள்ளை இருந்து ஏன் கத்துறீர்? கீரிமலையிலை, கடற்கரையிலை, ரெண்டு பனையிலை கம்பி கட்டினால் லண்டனுக்கே கேக்கும்." இரண்டு நாளாகக் கணக்குப் போட்டேன்; மனிதர் சொல்வது சரி. அறையைக் கட்டு, வடக்குப் பார்த்த யன்னலோடு. கூரைக்கு வேறு மரம் வாங்கு. மாசியில் இராக்கம்மாவோடு வருகிறேன். அவளுக்கு முதலில் ஒரு கொடி கட்டி வை.